நித்திரையின் வாசலிலே தோன்றுவன – ஒரு சைவ நோக்கு

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து விபூதிப் பிரசாதம் வாங்கும் வேளையில், ஆலயக் குருக்களிடம் அடியார்கள் மெல்லிய குரலிற் கேட்கும் கேள்விகளுள் நித்திரை பற்றியதும் ஒன்று. “சாமி, கண் அசருற நேரத்துல யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எழும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல” என்பார் ஒருவர். “விடியப்புறம் முழிப்பு வந்திருச்சு, கை கால அசைக்க முடியல, நெஞ்சுமேல ஏதோ ஏறி உக்காந்திருந்திச்சு” என்பார் மற்றொருவர். இறந்துபோன தகப்பனார் கட்டிலருகில் நின்றதாகவும், அம்பாள் சிவப்புப் பட்டுடுத்தி வாசலில் வந்ததாகவும் சொல்வோர் உண்டு. மலையிலிருந்து விழுவதுபோல உடம்பு தூக்கிப்போட்டு எழுந்தவர்களோ எண்ணிலர்.

இவை பொய்யல்ல. சொல்பவர் மனம் பேதலித்தவரும் அல்லர். ஆயினும் இவற்றுக்குக் கொடுக்கப்படும் விளக்கங்களால் எத்தனையோ குடும்பங்கள் வீண் பயத்திலும் கடனிலும் அயலவர் பகையிலும் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆகவே இவ்விடயத்தில் சைவ நூல்கள் கூறுவது யாது, இக்கால வைத்திய ஆராய்ச்சி கூறுவது யாது என்று அறிந்துகொள்வது ஒவ்வோர் அடியாருக்கும் பயன் தரும்.

கட்டுகஸ்தோட்டை என்னும் ஊர்ப்பெயரிலுள்ள ‘தோட்டை’ என்பது ‘தொட்ட’ என்ற சிங்களச் சொல்லாகும். துறை, ஆற்றைக் கடக்கும் இடம் என்பது அதன் பொருள். இன்று மகாவலியைப் பாலத்தின்மேல் நொடியிற் கடந்துவிடுகிறோம். பாலம் இல்லாத காலத்தில் துறையில் இறங்கியே கடக்கவேண்டும். நடு ஆற்றில் நிற்பவன் இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. விழிப்புக்கும் நித்திரைக்கும் இடையிலும் அப்படியொரு துறை இருக்கிறது. சில நிமிடங்களே அங்கே செல்கின்றன. மேலே சொன்ன காட்சிகளும் ஓசைகளும் பெரும்பாலும் அவ்விடத்தில் நிகழ்பவை.

அரசனும் அவன் பரிவாரமும்

உயிருக்கு ஐந்து அவத்தைகள் உண்டென்பது சைவ சித்தாந்தம். சாக்கிரம் (நனவு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (உறக்கம்), துரியம் (பேருறக்கம்), துரியாதீதம் (உயிர்ப்படக்கம்) என்பன அவை. திருமூலர் திருமந்திரத்தின் எட்டாந் தந்திரத்தில் இவற்றை விரித்துரைக்கின்றார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்தில், அமைச்சர்களோடு கூடிய அரசனைப்போல ஆன்மா அந்தக்கரணங்களோடு கூடி இவ்வைந்து அவத்தைகளை அடைகிறது என்று காட்டினார். அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இவ்வுவமையை இன்னும் அழகாக வளர்த்துள்ளார். பவனி போன அரசன் அரண்மனைக்குத் திரும்பும்போது படைகளையும் ஏவலரையும் வாயில்தோறும் நிறுத்திவிட்டு, முடிவில் தான் மாத்திரம் அந்தப்புரம் புகுகிறான். ஆன்மாவும் அவ்வாறே ஒவ்வோர் இடத்திலும் கருவிகளை விட்டுவிட்டு உள்ளே செல்கிறது என்பது அதன் கருத்து.

எசல பெரஹெராவைக் கண்டவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. மேளகாரரும் தீவட்டிக்காரரும் யானைகளும் முன்னும் பின்னும் சூழ வீதி முழுதும் நிறைந்து வருகிற ஊர்வலம், முடிகிற வேளையில் வாசலுக்கு வாசல் குறைந்துகொண்டே போகும். உள்ளே நுழைவோர் மிகச் சிலரே.

சித்தாந்த நூல்கள் இந்தக் கணக்கைத் துல்லியமாகவே கூறுகின்றன. நனவில் ஆன்மா புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படுகிறது. கண், காது முதலிய ஞானேந்திரியம் 5, வாய், கால், கை முதலிய கன்மேந்திரியம் 5, ஓசை, ஊறு முதலிய புலன்கள் 5, பேசுதல், நடத்தல் முதலிய தொழில்கள் 5, வாயுக்கள் 10, மனம் முதலிய அந்தக்கரணங்கள் 4, புருடன் 1 என்பன அவை. கனவு நிலைக்காக ஆன்மா கழுத்துக்கு இறங்கும்போது உடன் செல்பவை 25 மாத்திரமே. இருதயத்திற்கு இறங்கி உறக்கம் கூடும்போது பிராணன், சித்தம், புருடன் என்ற மூன்றே எஞ்சும். அதன்பின் நாபியில் இரண்டு, மூலாதாரத்தில் ஒன்று.

முதல் வாயிலில் நின்றுவிட்ட அந்தப் பத்து எவை என்று பார்க்கவேண்டும். இக்கட்டுரைக்கு வேண்டிய இடம் அதுவே. கண்ணும் காதும் மற்றை ஞானேந்திரியங்களும், வாயும் காலும் கையும் மற்றைக் கன்மேந்திரியங்களும் புருவநடுவிலேயே நின்றுவிட்டன. ஆனால் ஓசை உள்ளே சென்றுவிட்டது, காது செல்லவில்லை. உருவம் சென்றுவிட்டது, கண் செல்லவில்லை. பேச்சும் நடையும் சென்றுவிட்டன, வாயும் காலும் வெளியே நிற்கின்றன. ஆதலால் ஒருவரும் கூப்பிடாமலே பெயர் கேட்கிறது. மூடிய கண்ணுக்கு முகங்கள் தெரிகின்றன. எழும்பி நடக்க உள்ளே எண்ணம் முழுதாக இருக்கிறது, கால் மாத்திரம் அசைய மறுக்கிறது. காதில்லாத ஓசையும் காலில்லாத நடையும் பேயின் வேலை என்று நூல்கள் சொல்லவில்லை. ஒவ்வோர் இரவும் எல்லா உயிர்க்கும் உள்ள ஒழுங்கு என்றே சொல்லியிருக்கின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிவர் என்பது வேறு கேள்வி.

வைத்தியர் கண்டது

மேனாட்டில் இந்நிலைக்குத் தனிப்பெயர் இட்டு ஆராய்ந்தவர் அல்பிரட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர். 1848இல் அவர் தம்மையே கூர்ந்து கவனித்து எழுதினார். முதலில் ஒளிப்பொட்டுகள், பின்பு கோலங்கள், அதன்பின் முகங்களும் நிலக்காட்சிகளும் தோன்றுவதைப் பலரும் ஒரேவிதமாகவே விவரிக்கின்றனர். 1996இல் வெளியான ஓர் ஆய்வில் பிரித்தானியாவிலுள்ள 4,972 பேரிடம் விசாரித்தபோது, 37 சதவீதமானோர் நித்திரை வரும் வேளையில் இத்தகைய தோற்றங்களை அனுபவித்ததாகவும், 12.5 சதவீதமானோர் விழிக்கும் வேளையில் அனுபவித்ததாகவும் கூறினர். பத்துப் பேர் கூடினால் அவர்களில் மூவர் நால்வருக்கு உள்ள அனுபவத்தை வியாதி என்றோ பீடை என்றோ எப்படிச் சொல்வது?

புலச் செய்திகளை மூளையின் மேற்பகுதிக்கு அனுப்பிவைக்கும் ‘தலமஸ்’ என்ற பகுதி மூளையின் நடுவே உள்ளது. வைத்தியத்தின் பொருட்டு மூளையினுள் மெல்லிய மின்வாய்கள் வைக்கப்பட்டிருந்த வலிப்பு நோயாளரைக் கொண்டு பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டு 2010இல் வெளியிட்டனர். நித்திரை வரும்போது தலமஸ் முதலில் ஓய்கிறது. மேற்பகுதி அதற்குப் பல நிமிடங்கள் கழித்தே ஓய்கிறது. அந்த இடைவெளியில் வெளிச்செய்தி வருவதில்லை, உள்ளே உள்ளவர் இன்னும் தூங்கவுமில்லை. கதவு அடைபட்டபின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வீடு அது. ஆன்மாவைப் பற்றிய சாத்திரமும் மூளையைப் பற்றிய ஆய்வும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது, அவை பேசும் பொருள் வேறு. எனினும் வெளிக்கருவி முன்னும் உட்கருவி பின்னுமாக அடங்கும் என்ற முறையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பது கவனிக்கத்தக்கது.

நெஞ்சில் ஏறி அமுக்குவதாகச் சொல்வதைத் தமிழ்நாட்டில் ‘அமுக்குவான்’ என்பர். இங்கே ‘பேய் அமுக்குது’ என்பதே வழக்கு. கனவு மிகுந்த நித்திரையின்போது, கனவில் ஓடுபவர் படுக்கையிலும் எழுந்து ஓடிவிடாதபடி உடலின் தசைகளை மூளை தளர்த்தி வைக்கிறது. மூச்சுக்குரிய உதரவிதானமும் கண்களும் மாத்திரம் விலக்கு. சிலவேளை அறிவு முந்தி விழித்துக்கொள்ள, தசைகளின் கட்டு அவிழாமல் நிற்கிறது. அப்பொழுது ஆழ்ந்து மூச்செடுக்க முயன்றால் விலாத் தசைகள் ஒத்துழைக்கமாட்டா. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருப்பது இதனாலே. பயமும் சேர்ந்துகொள்ள, அரைக்கனவு அப்பயத்துக்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகிறது. சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம், தானே விடுபடும். உயிருக்கு ஆபத்தில்லை. 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி பொதுமக்களில் 7.6 சதவீதமானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வந்துள்ளது. மாணவர்களில் 28.3 சதவீதம். சோதனைக் காலத்தில் இரவிரவாகக் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த எண்ணை நினைவில் வைப்பது நன்று.

கோடாங்கியைத் தேடுமுன்

இவ்வாறு அமுக்கப்பட்ட பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, உடனே கோடாங்கியிடமோ கட்டாடியிடமோ கூட்டிச்செல்லும் வழக்கம் மலையகத்தில் முற்றாக நீங்கவில்லை. தேசிக்காய் வெட்டி நூல் கட்டுவதோடு முடிந்தால் பெருங்கேடில்லை. மனத்தைரியம் பிறந்து நித்திரை சீரானால் நன்மையே. ஆனால் அடுத்த லயத்தார் செய்வினை வைத்தார் என்ற ஒரு சொல் அங்கே பிறந்துவிட்டால், இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். வேப்பிலையால் அடிப்பதும், மிளகாய்ப் புகை பிடிப்பதும், இல்லாத பேயின் பெயரால் இருக்கிற பிள்ளைக்குச் செய்யும் கொடுமையாகும். சைவம் இதற்கு இடங்கொடுக்கவில்லை.

அமுக்கும்போது செய்யவேண்டியது மிக எளிது. போராடி எழ முயலாமல், ஒரு கால்விரலையோ நாக்கையோ சற்று அசைக்கப் பார்க்கவேண்டும். மூச்சை மெதுவாக விடவேண்டும். பஞ்சாட்சரத்தை மனத்தினுள் சொல்லலாம். வாய் வெளியே நின்றாலும் பேச்சு உள்ளே வந்திருக்கிறது அல்லவா? மானத செபத்திற்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. அருகில் படுத்திருப்பவர் கண்டால் தொட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் போதும், கட்டு அறுந்துவிடும். மல்லாந்து படுப்பவர்க்கே இது அதிகம் வருவதால் பக்கவாட்டில் படுப்பது நல்லது. தினமும் ஒரே நேரத்தில் படுக்கைக்குப் போகவேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் சாயம் கூடிய பிளேன்டீ குடித்துவிட்டு, உடம்பு தூக்கிப்போடுகிறது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

வைத்தியரை நாடவேண்டிய வேளையும் உண்டு. பகலில் அடக்கமுடியாத நித்திரை வருவதும், சிரிக்கும்போது திடீரென முழங்கால் மடிவதும் இவற்றோடு சேர்ந்திருந்தால் அது தனியான ஒரு நித்திரை நோயாக இருக்கலாம். குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுவதும் கவனிக்கவேண்டியதே. நன்றாக விழித்திருக்கையில், பட்டப்பகலில், குரல்கள் கேட்டு அவை கட்டளையிடுமானால் தாமதிக்கக் கூடாது. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் தூரத்தில் இல்லை. அங்கே போவதால் குலதெய்வம் கோபிக்காது.

பிள்ளையையோ கணவரையோ இழந்தவர்கள் நித்திரை வாசலில் அக்குரலைக் கேட்பது தனியே சொல்லப்படவேண்டிய ஒன்று. முப்பத்தொன்று கழிந்த பின்னும் “அம்மா” என்ற அழைப்புக் கேட்டு எழுந்து உட்காரும் தாயிடம், ஆவி அலைகிறது, பரிகாரம் செய் என்று சொல்வது மகா பாவம். வருடக்கணக்காகக் கேட்ட குரல் ஓசையாக உள்ளே சென்று தங்கியிருக்கிறது. அந்தியேட்டி, திவசம் ஆகிய கிரியைகளைச் செய்வது பிதிர்க்கடன் என்பதற்காகவே அன்றி, அந்தக் குரலை விரட்டுவதற்காக அல்ல. பலருக்கு அது பயத்தைக் காட்டிலும் ஆறுதலையே தருகிறது. அந்த ஆறுதலைப் பறிப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

தெய்வம் தோன்றினால்

அப்படியானால் தெய்வக் காட்சிகள் யாவும் மயக்கமா என்று கேட்கலாம். மலையகத்தில் பல ஆலயங்களின் தலவரலாறு ஒரு கனவிலிருந்தே தொடங்குகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய பூசலார் நாயனார் வரலாற்றில், காடவர் கோன் கல்லினாற் கட்டிய கோயிலின் பிரதிட்டைக்கு முந்திய இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, திருநின்றவூரில் பூசலார் கட்டிய ஆலயத்துள் தான் நாளை புகவிருப்பதால் நீ வேறொரு நாளை வைத்துக்கொள் என்றருளினார். அரசன் போய்ப் பார்த்தால் அங்கே கல்லுமில்லை, கோபுரமுமில்லை. பூசலார் மனத்தினால் எழுப்பிய ஆலயம் அது.

அந்தக் கனவு என்ன கேட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். பொன் கேட்கவில்லை. பலி கேட்கவில்லை. அயலவன்மேல் பழி சொல்லவில்லை. மற்றோர் அடியாரின் பெருமையை அறிவித்து, அரசனின் செருக்கைத் தாழ்த்தியது. அவனும் ஆராய்ந்து அறிந்த பின்னரே வணங்கினான். இன்று ஒருவர் அம்பாள் வந்து சொன்னாள் என்று தொடங்கினால், சொன்னது என்ன, அதனால் வணங்கத் தோன்றுகிறதா வெறுக்கத் தோன்றுகிறதா என்று கேட்டுப் பார்ப்பதிலே தெய்வக்குற்றம் ஏதுமில்லை.

சிவராத்திரியில் மூன்றாம், நான்காம் சாமங்களில் உருவங்கள் தெரிவதும் பலர் அறிந்ததே. கண்விழித்த உடம்பு நின்றபடியே நொடிநேரம் நித்திரைத் துறையில் இறங்கி ஏறுகிறது. ஆலய மண்டபத்தில் அதனால் ஆபத்தில்லை. ஆனால் கதிர்காமத்திற்கு இரவிரவாக வான் ஓட்டும் சாரதிக்கு இது பொருந்தாது. விடியற்காலை மூன்று மணிக்கு வெள்ளை உடுத்த உருவம் ஒன்று பாதையைக் கடப்பதாக அவருக்குத் தோன்றினால், பெரும்பாலும் அவர் கண் திறந்தபடியே நித்திரைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். வானை ஓரங்கட்டி அவரைத் தூங்கவிடவேண்டும். முருகன் சற்றுப் பிந்தி வந்தவர்களுக்கும் அருள்வான்.

வாசலுக்கு எடுத்துச் செல்வது

பகல் முழுதும் கொழுந்து பறித்தவர் கண்ணை மூடினால் பச்சை இலையே தெரியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். துண்டுகள் மேலிருந்து விழ, அவற்றைப் பொருத்தி அடுக்கும் ‘டெட்ரிஸ்’ என்ற கணினி விளையாட்டை 27 பேருக்குக் கொடுத்தார். நித்திரை வரும் வேளையில் அவர்களிற் பலருக்கு விழும் துண்டுகள் தெரிந்தன. அவர்களுள் ஐவர் ஞாபகசக்தியை இழந்த நோயாளர். விளையாடியதே நினைவில்லாத அவர்களிலும் மூவருக்கு அதே துண்டுகள் தெரிந்தன. மறந்துபோனதும் வாசல் வரை கூட வருகிறது.

படுக்கைக்குப் போகுமுன் விபூதி அணிந்து, சிவநாமம் சொல்லிப் படுக்கவேண்டும் என்று முதியோர் வைத்த விதி இங்கே பொருள் பெறுகிறது. இப்பொழுது பல வீடுகளில் கடைசியாகப் பார்க்கப்படுவது கைத்தொலைபேசியின் திரை. அதற்கு முந்தியது தொலைக்காட்சி நாடகத்தில் மாமியாரும் மருமகளும் போடும் சண்டை. பின்பு கெட்ட கனவு வருகிறது என்று அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறார்கள்.

இத்துறையையே தியானத்திற்குரிய இடமாகக் கொண்டவர்களும் உளர். காஷ்மீர சைவ நூல்களுள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகிய விஞ்ஞான பைரவம் 112 தியான முறைகளைக் கூறுகிறது. நித்திரை இன்னும் வரவில்லை, வெளிப்பொருள்களோ மறைந்துவிட்டன என்ற அந்த நிலையை மனத்தால் பற்றினால் பராதேவி அங்கே விளங்குவாள் என்பது அவற்றுள் ஒன்று. திருவண்ணாமலையில் வாழ்ந்து 1950இல் சமாதியடைந்த ரமண மகரிஷியும் இதனையொத்த கருத்தைச் சொன்னார். ஒன்றைப் பிடித்துக்கொண்ட பின்பே மற்றொன்றை விடும் புழுவைப் போன்றது ‘நான்’ என்னும் எண்ணம். இரு நிலைகளுக்கு இடையிலும் இரு நினைவுகளுக்கு இடையிலும் அது எதையும் பற்றாமல் தூய்மையாய் நிற்கும் இடமுண்டு என்பது அவர் உபதேசம்.

அங்கே தோன்றும் முகங்களையும் ஒளிகளையும் பின்தொடர்ந்து போகாமல், அவை தோன்றும் இடத்தையே பார்த்திருப்பதுதான் அதற்குரிய பயிற்சி. விளக்கணைத்துப் படுத்த பின், மூச்சோடு பஞ்சாட்சரத்தைப் பொருத்திக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் அநேகர் அவ்விடத்தைக் காணுமுன்னரே நன்றாகத் தூங்கிவிடுவர். மறுநாள் இரவு மீண்டும் தொடங்கலாம்.